இருபத்திரண்டு பேரும் ஒரு குடையும்

"இருபத்திரண்டு பேரும் குடைக்கு 'மழை'ன்னு எழுதியிருக்காங்க. தலையணைக்கு 'தூக்கம்'. ஏணிக்கு 'உயரம்'. அறுபது பொருள்லயும் ஒரு எழுத்து மாறலை. இதுக்குப் பேர் ஆராய்ச்சியாம்மா, இல்ல ஈயடிச்சான் காப்பியா?"

வழிகாட்டி படிவக் கட்டை மேசைமேல் போட்டார். வழிகாட்டி என்றுதான் பெயர். இந்த நாலு வருஷத்தில் அவர் அதிகம் காட்டியது தன் அறை வாசலைத்தான்.

எதிரே நின்றவளைத் துறையில் எல்லோரும் 'பட்டியல்' என்று கூப்பிடுவார்கள். எதைக் கண்டாலும் வகை பிரித்துப் பட்டியல் போடுவாள். பட்டம் வாங்குவதற்கு முன்பே பட்டப்பெயர் வாங்கிவிட்டவள்.

அவள் ஆராய்ச்சி இதுதான். வீட்டுப் பொருள்களையெல்லாம் கருவி, துணி, பாத்திரம் என்று பிரித்து, அதற்குள் கிளை, கிளைக்குள் கிளை என்று ஒரு பெரிய மரம் வரைந்திருந்தாள். படித்தவர்கள் அதை ஆன்டாலஜி என்பார்கள். மரம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, அறுபது பொருள்களின் படங்களைக் கொடுத்து, பார்த்ததும் தோன்றுகிற ஒரு சொல்லை அடையாளச் சீட்டு மாதிரி, டேக்காகப் போடச் சொல்லி, முதலாண்டு மாணவர்கள் இருபத்திரண்டு பேரிடம் கேட்டிருந்தாள். கையெழுத்துப் புரியாமல் போகுமே என்று, ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துத் தரச் சொல்லியிருந்தாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு அவள் மரத்தோடு பொருந்தியது. நேற்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மூணு வாரம்தான் இருக்கு. மறுபடி வாங்கு. கையால எழுதச் சொல்லு, அப்பதான் காப்பியடிச்சாத் தெரியும். இந்தத் தடவையும் சரியா வரலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் வழிகாட்டி.

கையெழுத்து இல்லையென்றால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லையென்றால் ஒன்றாம் தேதி ஆவணக் காப்பகத்தில் காத்திருக்கும் வேலையும் இல்லை. ஏற்கெனவே மூன்று முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. நாலாவது முறை கேட்டால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

அவள் நேரே கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். படிவங்கள் அங்கேதான் அச்சாகும். மாணவர்கள் அங்கேயே வாங்கி, அங்கேயே திருப்பிக் கொடுப்பார்கள். அலைச்சல் வேண்டாமே என்று அவள் செய்த ஏற்பாடு.

"என்னம்மா, எல்லாம் நல்லா வந்திருந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள் கடைக்கார அக்கா.

"எங்கக்கா. அத்தனையும் காப்பியாம். மானம் போச்சு."

அக்காவின் முகம் சுருங்கியது. "மனசுல பட்டதைத்தானே எழுதச் சொன்னே?"

"அதைத்தான் சொன்னேன். இனிமே கையாலதான் எழுதணும், ஒருத்தர் மாதிரி ஒருத்தர் எழுதவே கூடாது." சொன்னதோடு நில்லாமல், அதையே பெரிய எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் படிவங்கள் வந்தன. சிலது சாய்ந்த எழுத்து, சிலது உருண்டை எழுத்து, நாலு படிவம் சுத்தமான கோழிக் கிறுக்கல். காப்பி இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்து படித்தாள். நிம்மதி குடை வரைக்கும்தான் இருந்தது.

குடை: 'கம்பு'. குடை: 'தொலைஞ்சது'. குடை: 'மாமா வாங்கிட்டுப் போனது'. குடை: 'வெயில்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க'. தலையணைக்கு ஒருவர் 'ஆயுதம்' என்று எழுதியிருந்தார்.

நூற்றுக்கு ஒன்பது.

அன்று மாலை அவள் வீட்டுக் கூடத்தில் படிவங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அம்மா மடித்த துணிகளோடு தாண்டித் தாண்டிப் போனாள்.

"குடைன்னா குடைடி. இதைக் கண்டுபிடிக்க நாலு வருஷமா?"

"அது எந்த வகையில சேரும்னு பார்க்கறேன்மா."

"கதவுக்குப் பின்னால மாட்டற வகை. எழுதிக்கோ."

யோசித்துப் பார்த்தால், இருபத்திரண்டு பேர் சொன்னதைவிட அது தேவலாம் போலிருந்தது. அந்த நினைப்பே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

மரத்தை மாற்றினாள். 'தொலைந்தவை', 'இரவல் போனவை', 'அடிக்க உதவுபவை' என்று புதுக் கிளைகள் ஒட்டினாள். வழிகாட்டி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது மரம் இல்லம்மா, புதர். ஏன் அந்தச் சொல்லை எழுதினாங்கன்னு காரணம் கேளு. காரணம் தெரிஞ்சா ஒழுங்கு தெரியும்."

மறுபடி அச்சடித்தாள். இந்த முறை ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் 'ஏன்?' என்று ஒரு கட்டம். கடைக்கார அக்கா அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்தாள். நெற்றியில் தைலம் பூசியிருந்தாள்.

"அறுபதுக்கும் காரணம் எழுதணுமா?"

"ஆமாக்கா. உங்களுக்கென்ன உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. யோசனைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

வகுப்புத் தலைவியையும் வழியில் மடக்கிக் கேட்டாள். "எல்லாரும் ஒழுங்கா குடுக்கறீங்கதானே?"

"எல்லாரும் ஜெராக்ஸ் கடையில குடுத்துட்டோம்கா. ஒருத்தர் பாக்கியில்ல" என்றது அந்தப் பெண், பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு.

காரணங்கள் வந்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஏணிக்கு 'பொய்' என்று எழுதியவர், 'ஏத்தி விடும், இறங்கும்போது ஆடும்' என்று காரணம் சொல்லியிருந்தார். வாளிக்கு 'பொறுமை'. ஏழாம் எண் படிவம் தலையணைக்கு நேராக, 'பதினாலாம் நம்பர் சொல்ற மாதிரி இது ஆயுதம் இல்லை, சாட்சி' என்றது. ஏழாம் எண்ணுக்குப் பதினாலாம் எண் எழுதியது எப்படித் தெரிந்தது? பட்டியலுக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப்போய், 'அடுத்தவர் படிவத்தைப் பார்க்காதீர்கள்' என்று கண்ணாடியில் இன்னொரு தாள் ஒட்டினாள். அக்கா பாவமாகத் தலையாட்டினாள்.

இப்போது நூற்றுக்கு இரண்டு. கெடுவுக்கு மூன்று நாள்.

அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். உலகத்தில் எந்தப் பொருளைப் பற்றியும் எந்த இரண்டு மனிதர்களும் ஒத்துப்போக மாட்டார்கள், எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் கூட்டத்தின் முன்னால் நிற்காது, இதற்கு இந்த இருபத்திரண்டு பேரே சாட்சி என்று எழுதினாள். திட்டு வாங்கத் தயாராகப் போய் நின்றாள்.

வழிகாட்டி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"பிரமாதம்மா. இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு உலகம். ஒரே மனுஷன் ஒரு வாளியைப் பார்த்து இத்தனை விதமா யோசிக்க முடியுமா? முடியாது. இதுதான் நிரூபணம். நான் இப்பச் சொன்னதை அப்படியே முன்னுரையில சேர்த்துக்கோ."

கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல வாசலைக் காட்டினார், ஆனால் இந்த முறை சிரித்துக்கொண்டே.

கெடு நாளன்று மூன்றரை மணிக்கு அவள் ஜெராக்ஸ் கடையில் நின்றாள். நான்கு மணிக்கு அலுவலகம் மூடிவிடும். அக்கா மூன்று பிரதிகளையும் அடுக்கி, அட்டை போட்டு, முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தாள். அப்படியே கொஞ்சம் திறந்து, முன்னுரையை வாய்க்குள் படித்தாள். வாளி வந்த இடத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"முடிஞ்சுதுக்கா. இருபத்திரண்டு பேரும் சேர்ந்து என் உயிரை எடுத்துட்டாங்க. போகட்டும், நல்லா இருக்கட்டும்" என்றாள் பட்டியல்.

"அதுங்க என்ன பண்ணும் பாவம், பரீட்சை நேரம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா கடைசிப் பிரதியை நீட்டினாள். "மூணு தடவையும் மொத்தப் படிவத்தையும் எங்கிட்டயே குடுத்து, அக்கா நீங்களே எழுதிடுங்கன்னு போயிடுச்சுங்க. மொத தடவை நீ காப்பின்னு சொன்னதும் எனக்கு உறைச்சிடுச்சும்மா, அப்புறம் இடது கையாலகூட எழுதிப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைதான் வெச்சிருக்கேன், ஆனா இதுல ஒண்ணுகூட ஜெராக்ஸ் இல்ல."