கிணறில்லாத மாளிகைகள்

கரீபியன் தீவுகளில் விற்பனைக்கு வந்த புராதன மாளிகைகள் அனைத்தையும், மொன்றியலை விட்டு ஓரடி நகராமலேயே, வேண்டாம் என்று தள்ளிய மனிதர் உலகில் ஒருவரே. அந்நகரின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரைப் பங்களா அண்ணை என்றார்கள். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு தெரு தள்ளி, பல்கலைக்கழகத்தில் நான் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவர் தொழிலில் அவர் கண்ணீர் விட்டார். என் தொழிலில் மாணவர்கள் விட்டார்கள். மாலையில் இருவரும் ஒரே மெட்ரோவில் வீடு திரும்புவோம்.

மெட்ரோ வாசலுக்கு முன்பாக வீடு விற்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. செல்வந்தர்களுக்காக வெயில் நாட்டுத் தீவுகளில் உள்ள பழைய மாளிகைகளை விற்பது அதன் தனித்தொழில். பார்படோஸ், மார்த்தினிக், அன்டிகுவா என்று கண்ணாடிக்குப் பின்னே வண்ணப்படங்கள் வரிசையாய் நிற்கும். பனியில் நடுங்கிக்கொண்டு போகிறவர்கள் நின்று அந்தப் படங்களில் வெயிலைத் தேடுவார்கள். அண்ணை கிணற்றைத் தேடுவார்.

“பாருங்கோ புரொபசர், மாளிகை எண்டு போட்டிருக்கிறாங்கள். கிணத்தைக் காணேல்லை!”

“படத்துல விழாம இருக்கலாம் அண்ணா.”

“கிணறு விழாத படத்தை ஏன் எடுக்கிறான்?”

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். அண்ணைக்குத் தங்கையர் மூவர், தந்தை இல்லை. ஆகவே இளமை முழுவதையும் அவர் பிறருடைய வீடுகளைச் சுற்றி வந்து, ஈசான மூலையில் கிணறு, அக்கினி மூலையில் அடுக்களை என்று பார்ப்பதிலேயே செலவிட்டார். மூன்று வீடுகள் அமைந்தன; மூன்று தங்கையரும் குடிபுகுந்தார்கள். வீடு பார்க்கும் வேலை முடிந்தது. வீடு பார்க்கும் கண் மூடவில்லை.

மொன்றியல் வீடுகளை அவர் வீடுகளென்றே ஒப்புக்கொள்வதில்லை. “முற்றம் இல்லை, கிணறு இல்லை. நிலத்துக்குக் கீழை வேறை படுக்கிறாங்கள். வீடோ, குண்டுக்கு ஒளிக்கிற பங்கரோ?” என்பார். அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: “வாடகை வீட்டிலை இருந்துகொண்டு இந்த மனிசன் மாளிகையளுக்குக் குறை சொல்லுது!”

ஒரு நாள் அவர் கண்ணாடியோடு நிற்காமல் உள்ளேயே நுழைந்துவிட்டார். வேறு வழியின்றி நானும் நுழைந்தேன். அங்கே இருந்தவர் மதாம் ஜினெத், பொறுமையே உருவானவர். அண்ணை இதற்கெனக் கிணறு, கிழக்கு என்னும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களைக் கற்றுவைத்திருந்தார். மூன்றாவதான குசினியை, அதாவது அடுக்களையை, கற்க வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் சொல்வதைச் சற்று மூக்கால் சொன்னாற் போதும். இம்மூன்றையும் கொண்டு, கண்ணாடியில் கண்ட மாளிகை ஒன்றைப் பற்றி அவர் கேட்ட வினாக்களுக்கு விடை தெரியாமல், மதாம் மார்த்தினிக்குக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த மாளிகையில் கிணறே இல்லை, மழைநீர்த் தொட்டிதான் என்று தெரியவந்தது.

“நான் சொன்னனான்!” என்று அண்ணை என் முதுகில் தட்டினார். இல்லாத கிணற்றுக்காக அவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் கண்டதில்லை.

அதன்பின் வாரந்தோறும் போனோம். மதாம் காப்பி கொடுத்தார். பழைய படங்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார். ஒரு முறை மட்டும், கையொப்பமிடப் பேனா எடுத்த கிழவர் ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று, படத்தைப் பார்த்து அண்ணை உதட்டைப் பிதுக்கினார். கிழவர் பேனாவை மூடிவிட்டார். அன்று முதல், வாடிக்கையாளர் இருக்கும் நேரத்தில் எங்களுக்கு உள்ளே வர அனுமதியில்லை.

இந்த உலாக்களை எவரோ கண்டுவிட்டார்கள். மணவயதில் மகள் இருக்கும் ஒருவர் வீடு பார்க்கிறார் என்றால், எங்கள் குடியிருப்பில் அதற்கு ஒரே பொருள்தான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் சுண்டல் கைமாறுவதற்குள் செய்தி கைமாறியது. பங்களா அண்ணை மகள் வாசுகிக்குச் சீதனமாகத் தீவில் ஒரு மாளிகை வாங்குகிறாராம்!

“வீடு பார்க்கிறியளாமே அண்ணை?” என்று கேட்பார்கள்.

“ஓம், பார்க்கிறன்,” என்பார் அவர். அது உண்மைதானே?

வாசுகியும் அவளோடு படித்த சேந்தனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். சேந்தனின் தாயார் ஊரில் ஆசிரியையாக இருந்தவர். இங்கும் அவர் எல்லோருக்கும் ரீச்சர்தான். வெங்காயம் உரிப்பவர் வீட்டுச் சம்பந்தத்துக்கு ஓராண்டாக வாய் திறவாதிருந்த ரீச்சர், மாளிகைச் செய்தி எட்டிய மறுவாரமே பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

வாசுகி என் வீட்டுக்கு ஓடிவந்தாள். “அங்கிள், நீங்களும் வாங்கோ. ரீச்சர் சீதன வீட்டைப் பற்றிக் கேட்டால் கதையை மாத்துங்கோ. அப்பா சும்மா பார்க்கிறவர் எண்டு தெரிஞ்சால் எல்லாம் முடிஞ்சுது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் தேநீரில் ஒரு வாய்தான் அருந்தினார். “அப்ப அண்ணை, வீடு எந்தத் தீவிலை?”

“இந்த வருஷம் குளிர் ரொம்ப ஜாஸ்தி,” என்றேன் நான்.

“குளிர் ஓடாது புரொபசர், பேந்து கதைப்பம்,” என்றார் ரீச்சர்.

அண்ணையோ, வாழ்நாள் முழுவதும் இந்த வினாவுக்காகவே காத்திருந்தவர்போல் எழுந்துபோய்ப் படக்கட்டைக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். “இது பார்படோஸ். வாசலுக்கு நேரை மரம் நிக்குது. இது அன்டிகுவா. குசினி ஈசானத்திலை.”

“ஈசானத்திலையோ!” ரீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவரும் யாழ்ப்பாணத்தவரல்லவா? “இதென்ன, பின்வாசலே இல்லை?”

“அதைத்தான் நானும் கேட்டனான்!”

தேநீர் ஆறியது. பெண் கேட்க வந்தவரும் பெண்ணைப் பெற்றவரும் கம்பளத்தில் முழந்தாளிட்டு மாளிகைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இறுதியில் ரீச்சர் ஒரு படத்தைக் கையில் எடுத்தார். கடலைப் பார்த்த வெள்ளை மாளிகை. “கிணறு சரி. குசினி சரி. கிழக்கு வாசல். இதுக்கு என்ன குறை?”

அண்ணையின் குரல் தணிந்தது. “பின்னாலை பாருங்கோ ரீச்சர். கொட்டிலுகள். பக்கத்திலை ஒரு பெரிய மணி.”

“ஆடு மாடு கட்டவோ?”

“ஆக்களை. அடிமையாய்க் கொண்டுவந்து கரும்பு வெட்டவிட்ட சனம். அவையை எழுப்பத்தான் அந்த மணி. இப்ப அந்தக் கொட்டிலுகளை விருந்தாளியளுக்கு அறையாக்கியிருக்கினமாம். கட்டினவன் எல்லா மூலையும் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான். அந்தச் சனம் படுத்த மூலையை மட்டும் பார்க்கேல்லை. இதிலை என்ர பிள்ளைக்கு நித்திரை வராது. உங்கட பிள்ளைக்கு வந்தாலும் நான் விடன்.” பிறகு சொன்னார்: “காசில்லை எண்டது அதுக்குப் பேந்து வாற காரணம்.”

வாசுகி சுவரோடு சுவரானாள். ரீச்சர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப காசில்லை.”

“இல்லை.”

“வேறை வீடும் இல்லை.”

“இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

ரீச்சர் படத்தைக் கவிழ்த்துவைத்தார். “என்ர வீட்டிலை மேல்மாடி சும்மா கிடக்குது. பிள்ளையள் அதிலை இருக்கட்டும். வாற ஞாயிறு வந்து பாருங்கோ. ஆனால் அண்ணை, ஒரு குறை சொன்னியளோ, சம்பந்தம் இல்லை!”

மறு ஞாயிறு என் காரில் அவரை அழைத்துப்போனேன். ரீச்சர் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினார். அடுக்களை வாயு மூலையில் இருந்தது. வாசல் தெற்கு. நிலவறையில் கட்டில் ஒன்று கிடந்தது. அண்ணையின் முகம், நோன்பிருப்பவர் முன் விருந்து பரிமாறினாற்போல் ஆயிற்று. உதடு ஒரு முறை பிதுங்கப் பார்த்து, அடங்கியது.

“வடிவான வீடு ரீச்சர்,” என்றார்.

காரில் ஏறியதும் அணை உடையும் என்று காத்திருந்தேன். லாசால் வரும்வரை அவர் பேசவில்லை.

“ஏன் அண்ணா, என்கிட்டயாவது சொல்லக்கூடாதா? வாசல் தெற்கு பார்த்துதே!”

“பிள்ளை வாழப்போற வீடு, புரொபசர். அதிலை ஒரு குறையும் இல்லை,” என்று சொல்லி இறங்கிப்போனார்.

அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கண்ணாடிக்குப் பின்னே இன்றும் மாளிகைகள் மாறிக்கொண்டிருக்கின்றன. பனிக்காலத்தில் அவ்வழியே போகும்போது நின்று, முதலில் கிணற்றைத் தேடுகிறேன். கிடைக்காவிட்டால், அவருக்காக நானே உதட்டைப் பிதுக்கிவிட்டு மெட்ரோவுக்கு இறங்குகிறேன்.