மானியத்துக்குப் போட்ட வெள்ளைக் கூடாரம்

பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் நம்மவர்கள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் புத்தி கொஞ்சம் அதிகம்.

மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூவாரில் நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தேன், சிங்கப்பூரில் தட்டு கழுவினேன், கொஞ்ச காலம் லாரியில் இருந்தேன். (ஓட்டவில்லை, படுக்க இடம் கொடுத்தார்கள்.) கடைசியில் ரெங்கம் என்ற சின்ன ஊரில் ஒரு மளிகைக் கடை வைத்தேன். வாங்க வருகிறவர்களில் பாதி ஊர்க்காரர்கள், பாதி பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்யா அகதிகள். மீனும் கோழியும் விற்றால்தான் கடை ஓடும். அந்த நேரம் பார்த்து ஐஸ் பெட்டி படுத்துவிட்டது. புதிது வாங்க வழியில்லை. இப்படியே போனால் கடையை மூடவேண்டியதுதான்.

அகதிகளுக்கும் ஊர்மக்களுக்கும் பயன்படுகிற சிறு கடைகளுக்கு ஓர் அறக்கட்டளை மானியம் தருவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். "கடை எப்படி நடக்குதுன்னு நேர்ல வந்து பாக்கறோம்" என்றார் அதன் அதிகாரி அம்மா.

கடை நடப்பதைப் பார்க்க வருகிறார்கள். நான் கடையை அடைத்தேன்.

"வியாபாரத்தப் பாக்க வர்றாங்க, நீங்க கதவ சாத்துறீங்க" என்றாள் என் மனைவி ராணி.

"பெரியவங்க வர்ற நேரத்துல எவனாச்சும் கருவாடு கேட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

ராணியின் தம்பி குமார் கூடாரம் வாடகைக்கு விடுகிறவன். "கலர் கூடாரமெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருச்சு மச்சான். வெள்ளதான் இருக்கு" என்றான். வெள்ளைக் கூடாரத்தை எதற்குப் போடுவார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். வரவேற்புப் பதாகையில் தமிழில் நாலு வரி, நடுவில் பெரிதாக என் படம். (அறக்கட்டளைக்கு என் முகம் மறந்துவிடக் கூடாதல்லவா.) அதிகாரிக்கு வாங்கிய ரோஜா மாலை தரையில் கிடந்து நசுங்க வேண்டாமென்று படத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, அவரை அழைத்துவர முச்சந்திக்குப் போனேன்.

அவரோடு திரும்பி வந்தபோது கூடாரம் நிறைந்திருந்தது. முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது, எங்கள் ஊரில் வெள்ளைக் கூடாரம் சாவுக்குத்தான் போடுவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் வாடிக்கையாளர் ஹசன், மாலை தொங்கிய என் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றிருந்தார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து முக்காட்டால் வாயைப் பொத்தியிருந்தார். எதிர்க்கடைச் சீனர் ஆ செங் கையில், சாவு வீட்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் வெள்ளை உறை. ராணி பின்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தது அவளுக்குத் தெரியாது.

"யார் தவறிட்டாங்க?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் மேடம்."

ஹசன் ஓடி வந்து என் கையை அழுத்திப் பார்த்தார். சூடு இருந்தது. பிறகு அதிகாரியிடம் மலாயில் கொட்டினார். அவர் மனைவிக்கு இடுப்பு வலி வந்தபோது வண்டி கிடைக்கவில்லையாம். நான் என் கடை வேனில் இருந்த காய்கறியைத் தெருவில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேனாம். உண்மைதான். பாதிக் காயை மாடு தின்றதையும், அதற்கு ராணியிடம் நான் பட்டதையும் அவர் சொல்லவில்லை.

அதிகாரி கடைக் கதவின் பூட்டைப் பார்த்தார். பிறகு, "கடையத் தொறங்க" என்றார். "அந்த மாலைய மட்டும் எனக்குப் போட்டுறாதீங்க."

திறந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசியும் வெங்காயமும் வாங்கினார்கள். அதிகாரி துக்க நாற்காலியில் உட்கார்ந்து, வடை தின்றபடி எல்லாவற்றையும் பார்த்தார்.

மானியம் கிடைத்தது. ஐஸ் பெட்டி வந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எத்தனையோ ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருக்கிறேன், ஒருவரும் தேடியதில்லை. ரெங்கத்தில் எனக்காக அழ ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு பெட்டி கட்டத் தோன்றவில்லை.

ஆ செங் எஸ்டேட்டில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். அன்று அவர் நாற்காலியில் வைத்துவிட்டுப் போன உறையைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "சாவுக்குக் குடுத்தது திருப்பி வாங்கக் கூடாது லா. நீயே வச்சிக்கோ. நெசமா போகும்போது மறுபடி கேக்காத."

பிரிக்காத அந்த உறை இன்னும் ஐஸ் பெட்டிமேல்தான் இருக்கிறது. தலைவலி என்று நான் படுத்தால் போதும், ராணி உள்ளிருந்து கேட்பாள்:

"என்னங்க, ஆ செங் உறைய எடுக்கட்டுமா?"