சங்கிலியால் அடித்த அலமாரி

உங்கள் வீட்டுக்குக் கடைசியாகப் புது மேசை வந்த நாளில், நீங்கள் அதைத் துடைத்தீர்களா, அடித்தீர்களா?

துடைத்தவர்கள் ஓரமாக உட்கார்ந்து சிரிக்கலாம். "அடிப்பதா, எதற்கு?" என்று திகைப்பவர்களுக்குத்தான் இந்த இனத்தை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. புதுசைப் பழசாக்குவோர் என்று பெயர். கரடுமுரடான பலகை, கயிற்றில் தொங்கும் விளக்கு, ஜாடியில் நான்கு காய்ந்த குச்சி, இப்படி ஒரு படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் வழவழப்பாக எதைக் கண்டாலும் இவர்களுக்குக் கை அரிக்கும்.

எங்கள் தெருவில் ஒருவர் உண்டு. சங்கிலியார் என்பது தெரு வைத்த பெயர். காரணம், அவர் கையிலிருக்கும் சைக்கிள் சங்கிலி. மைத்துனரின் சைக்கிளிலிருந்து கழற்றியது. மைத்துனர் அன்று முதல் நடந்து போகிறார்.

சங்கிலியாருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில், அடிபட்ட வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் வேலை. "இந்தக் கீறல் முன்னாடியே இருந்ததுதானே?" என்று பகலெல்லாம் வண்டிக்காரர்களை வறுத்தெடுப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து, புத்தம்புது அலமாரியைச் சங்கிலியால் விளாசி, முன்னாடி இல்லாத கீறல்களை உண்டாக்கி, உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணீர் பூசி, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஏணி கூடத்தில் சாய்ந்து துண்டு போடும் சட்டமாயிற்று. பல்ப் மாற்ற அடுத்த வீட்டு ஏணிதான் கதி. இடித்த வீட்டுக் கதவு ஒன்று, தாழ்ப்பாளோடு, சாப்பாட்டு மேசையாயிற்று.

"அத்தான், சாப்பாடு வேணும்னா கதவைத் தட்டணுமா?" என்றார் மைத்துனர்.

"சிரிடா சிரி. ரசனைன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தான். சாப்பிடறப்ப முழங்கையில சிராய் ஏறாம இருக்கறது."

ஆனால் சங்கிலியார் மனசுக்கே நிறைவில்லை. எவ்வளவு அடித்தாலும் அலமாரி அடிவாங்கிய புது அலமாரியாகவே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மேலாளர் மனைவியோடு வருகிறார். வீட்டைப் பற்றி அலுவலகத்தில் அளந்த அளப்புக்கு ஏதாவது ஒன்றையாவது காட்ட வேண்டாமா?

பசை டப்பாவைத் தேடி அவர் பின் அறைக்குள் நுழைந்தது அப்போதுதான். அது அவர் மனைவி தையல் தைக்கும் அறை. மின்விசிறி கிடையாது. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒரு பொந்து. நடுவில் துணி வெட்டும் மேசை. அதன் விளிம்பு அவள் இடுப்பு சாய்ந்து சாய்ந்து வழவழவென்று குழிந்திருந்தது. கத்தரிக்கோல் ஓடிய தடங்கள், மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறுப்பு. இத்தனை வருஷத்தில் அவர் அந்த மேசையைப் பார்த்ததேயில்லை. அதன் மேல் கிடக்கும் துணியைப் பார்த்துக் குறை சொன்னதோடு சரி.

"அடடா! இத இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"இது மேலதான் உங்க சட்டையெல்லாம் வெட்டினேன்."

"இது கூடத்துக்கு வரணும். மேல ஒரு ஜாடி, நாலு குச்சி..."

"நாளன்னைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. பிள்ளைங்க சீருடை பாதி வெட்டாமக் கிடக்கு. நாளைக்கு வாங்க வருவாங்க. குடுக்கலேன்னா அடுத்த வருஷம் எந்தம்மா என்னை நம்பி வருவா?"

"அதனால என்ன? தரையில உக்காந்து வெட்டேன்."

பார்த்தீர்களா நியாயத்தை? உழைப்பின் தழும்பு வேண்டும், உழைத்தவள் வேண்டாம். கூடத்துக்குத் தழும்பு, தரைக்கு முதுகு. இதற்கு ரசனை என்று பெயர் வைத்தவர் யார்?

அவள் ஒரு கணம் கத்தரிக்கோலைப் பார்த்தாள், பிறகு கணவரை. என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள்.

"சரிங்க, கூடத்துக்கே போகட்டும். டேய் தம்பி, அந்தப் பக்கம் பிடி."

மறுநாள் காய்ந்த குச்சிகளைச் சேகரித்துக்கொண்டு சங்கிலியார் திரும்பியபோது, மேசை கூடத்தில் இருந்தது. தையல் இயந்திரமும் இருந்தது. இஸ்திரிப்பெட்டி, துணி மூட்டை, அளவு நாடாவைக் கழுத்தில் போட்ட மனைவி, சீருடை வாங்க வந்த அம்மாக்கள், எல்லாரும் பெரிய ஜன்னலின் வெளிச்சத்தில், மின்விசிறிக்குக் கீழே!

"என்னடி இது?"

"மேசையைக் கேட்டீங்க. அது தனியா எங்கயும் போனதில்லீங்க. பக்கத்துல நானும் வந்துட்டேன்."

வாசலில் மேலாளர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே வைத்த முதல் அடியிலேயே அந்த அம்மாளின் சேலை அலமாரியின் சிராயில் மாட்டி 'டர்'ரென்று கிழிந்தது. மேலாளர் அலமாரியின் கீறல்களைத் தொழில்முறையில் விரலால் தடவிப் பார்த்தார்.

"அடப்பாவமே. எந்த லாரிய்யா இடிச்சது?"

கிழிசல் அந்த மேசையிலேயே கைக்கு எட்டிய நூலில் தைக்கப்பட்டது. மேலாளரின் மனைவி திருப்பிப் பார்த்தார். தைத்த இடம் தெரியவில்லை.

"அடுத்த வாரம் துணி கொண்டு வரேன். எங்க வரணும்?"

"இங்கதான் வாங்க. இனிமே இதான் என் இடம்."

சீருடைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தன. அலமாரி பின் அறைக்குப் போயிற்று. சங்கிலியார் அங்கே வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறார். பழமைக்கு மின்விசிறி எதற்கு?

நீங்கள் அந்த ரகமில்லை என்கிறீர்களா? நல்லது. கைபேசியில் அந்த ஜாடிப் படத்தைச் சேமித்து வைத்தது யாரோ? போகட்டும், ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் நிஜமாகவே தேய்ந்துபோன பொருள் எதுவென்று பாருங்கள். அதைத் தேய்த்த கை யாருடையது என்றும் பாருங்கள். அந்தக் கைக்கு உரியவரை நல்ல வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். அப்படியே சங்கிலியைச் சைக்கிளில் மாட்டிவிடுங்கள். மைத்துனர் நடந்தே தேய்ந்துவிட்டார்.