பின்பக்கத்துப் பாட்டு

பாடகருக்குத் தன் பாட்டே மறந்துபோயிருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாருங்க சார்," என்றார் லிஃப்ட் மெக்கானிக். "மெல்ல வா, மெல்ல வான்னு ஆரம்பிக்கும்."

"மெல்ல வா..." என்று இழுத்தார் பாடகர். "அப்புறம்?"

"அப்புறம் நீங்கதான் சார் சொல்லணும்!"

மெக்கானிக்கின் மனைவி கணவரை முழங்கையால் இடித்தார். "என்னங்க, வயசானவரைப் போட்டுப் படுத்தாதீங்க. சொல்ல வந்ததைச் சொல்லிட்டுக் கிளம்பலாம்."

சொல்ல வந்தது ஒரு நன்றி. போன வருடம் மெக்கானிக் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இரண்டு கால்களையும் உடைத்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், "எலும்பு கூடிடுச்சு. இனிமே நடக்கறது உங்க கையிலதான் இருக்கு" என்றார். காலில் இருக்க வேண்டியதைக் கையில் கொடுத்துவிட்டாரே என்று மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது.

மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து ரெக்கார்ட் ப்ளேயரையும், கணவர் கல்யாணத்துக்கு முன்பு சேர்த்த சின்ன இசைத்தட்டுகளையும் இறக்கினார். எல்லாம் இந்தப் பாடகரின் சுருள்முடிக் காலத்துத் தட்டுகள். பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. முன்பக்கத்தில் ஊரே முணுமுணுத்த பாட்டு. பின்பக்கத்தில், அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதே என்பதற்காகப் போட்ட பாட்டு. வாலிப வயதில் தேய்த்த தேய்ப்பில் முன்பக்கங்களில் இப்போது அடைமழை இரைச்சல் மட்டும்தான் கேட்டது. வேறு வழியில்லாமல் மனைவி திருப்பிப் போட்டார்.

அந்தப் பக்கங்கள் புத்தம் புதுசாக இருந்தன. அன்று மெக்கானிக் சோறு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்தார். 'மெல்ல வா' பாட்டின் தாளத்துக்கு ஒரு மாதத்தில் கைத்தடியோடு நடக்கத் தொடங்கினார். அவரிடம் இல்லாத மூன்று தட்டுகளுக்காக மனைவி பழைய சாமான் கடைகளை எல்லாம் ஏறி இறங்கினார். வெளிவந்த சூட்டிலேயே காணாமல் போன தட்டுகள் அவை. மூன்றையும் பிடித்துவிட்டார்.

இப்போது அந்தத் தட்டுகளும், பெட்டி மாதிரி மூடித் தூக்கிப்போகும் ரெக்கார்ட் ப்ளேயரும், மனைவியும், கைத்தடியுமாக மெக்கானிக் பாடகரின் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுருள்முடி போய், பாடகரின் தலை பளபளவென்றிருந்தது.

"முன்பக்கத்துல நீங்க மேடையில நின்னு பாடறீங்க சார். பின்பக்கத்துல என் கட்டில் ஓரமா உட்கார்ந்து பாடறீங்க. உங்களை எனக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

பாடகர் நெளிந்தார். "தம்பி, அந்த நன்றியை எல்லாம் எனக்குச் சொல்லாதீங்க."

"பார்த்தியா, எவ்வளவு தன்னடக்கம்!" என்றார் மெக்கானிக் மனைவியிடம்.

ஜன்னலோரம் ஸ்டூல் மேல் நின்று திரைச்சீலைக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்த பெரியவர், "ம்ம்ம்" என்றார். அவர் உதடுகளுக்கு நடுவே நாலைந்து ஸ்க்ரூ இருந்தன.

"என் மச்சான். எங்களோடதான் இருக்கான்," என்றார் பாடகர், பேச்சு மாறினால் போதும் என்பதுபோல. "கம்பி மாட்டறான்."

பேச்சு மாறவில்லை. "ரெண்டே வரி சார்," என்று மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பாட்டு முழுவதையும் எழுதி வைத்திருந்தார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்து தெரியாதே," என்றார் பாடகர்.

மெக்கானிக் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினார். எழுத்து தெரிந்தது. ஆனால் பாடகர் முன்பக்கத்துப் பாட்டின் மெட்டில் பின்பக்கத்து வரிகளைப் பாடினார். குத்தாட்டப் பாட்டு மாதிரி வந்தது.

"தொண்டை கட்டியிருக்கு," என்றார் பாடகர்.

"வெந்நீர் குடிச்சாச் சரியாகிடும்!" மெக்கானிக்கின் மனைவியே சமையலறைக்குப் போய்க் கொண்டுவந்தார். தப்பிக்கும் அவசரத்தில் பாடகர் ஒரே மடக்காகக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டார். அதன்பிறகு அவருக்கு 'ல' வரவில்லை.

"மெர்ர வா..."

"ம்ம்ம்! ம்ம்ம்!" என்றது ஸ்டூல்.

"விடுங்க சார்," என்றார் மெக்கானிக். "நீங்க பாட வேண்டாம். அந்தப் பாட்டு எனக்கு என்ன பண்ணுச்சுன்னு நான் காட்டறேன்."

ப்ளேயரை மேஜைமேல் வைத்து 'மெல்ல வா'வைப் போட்டார். கைத்தடியை மனைவியிடம் கொடுத்தார்.

"ஐயோ, என்னங்க! தடி இல்லாம ஒருநாளும் நடந்ததில்லையே!"

"இவர் முன்னாடி நடக்காம வேற எங்க நடக்கறது?"

*மெல்ல வா, மெல்ல வா, பாதை ஒன்றும் ஓடிப்போகாது...*

ஓர் அடி. இன்னோர் அடி. மூன்று, நான்கு. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாடகரின் கண் கலங்கிவிட்டது. "தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று எழுந்தார்.

ஐந்தாவது அடி தரையில் கொஞ்சம் பலமாக விழுந்தது. மேஜை அதிர்ந்தது, ஊசி துள்ளியது. "மெல்ல வா மெல்ல வா மெல்ல வா" என்று பாட்டு ஒரே இடத்தில் சுற்ற, மெக்கானிக்கும் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அவரைப் பிடிக்க ஓடிவந்த பாடகரின் கால் ஒயரில் சிக்கியது. ப்ளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. பாட்டு முனகி நின்றது.

கூடத்தின் நடுவில், பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில், மெக்கானிக் நின்றார். பாடகர் தரையில் ஒயரோடு உட்கார்ந்திருந்தார். தடியோடு பாய்ந்த மனைவிக்கு முன்னால், பாடகர் தள்ளிவிட்டு வந்த நாற்காலி குறுக்கே கிடந்தது.

"பாடுங்க சார்! பாட்டு இல்லாம கால் வராது! சீக்கிரம்!"

பாடகர் வாயைத் திறந்தார். சுட்ட நாக்கும் பயமுமாகக் காற்றுதான் வந்தது.

அப்போது பாட்டு வந்தது.

விட்ட இடத்திலிருந்து, அதே நிதானத்தில், கட்டில் ஓரமாக உட்கார்ந்து பாடுகிற அதே குரலில் வந்தது. கொஞ்சம் கரகரப்பு மட்டும் கூடியிருந்தது. மெக்கானிக்கின் வலது கால் தானாக நகர்ந்தது. பிறகு இடது கால். அவர் தரையில் இருந்த பாடகரைப் பார்த்தார். பாடகரின் உதடுகள் மூடியிருந்தன. அவர் நிம்மதியாக ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

ஸ்டூல் மேல் நின்ற பெரியவர், வாயிலிருந்து எடுத்த ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் பொத்தியபடி பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு கூச்சத்தோடு நிறுத்தினார்.

"நிக்காதீங்க சார், அப்படியே நடந்து வாங்க," என்றார். "பின்பக்கம் பூரா இவர் பேர்ல நான் பாடினதுதான், அதை ஒருத்தர் கேட்டார்னே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."