டப்பா டீச்சரின் ‘ஸ்டாப்பு’

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எத்தனை கம்பெனி இருந்தாலும் சரி, சத்தம் உற்பத்தி செய்வதில் காக்களூர் டப்பா டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் இரும்புத் தகட்டை இடித்து வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவன். சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹாலில், வேலைக்குப் போகிற எங்களுடைய மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். அங்கே சிலேட்டு கிடையாது, ஏ பி சி டி சார்ட் கிடையாது. சுவரோரம் பெயிண்ட் டப்பா, பிஸ்கட் டப்பா, எண்ணெய் டின். அட்டெண்டன்ஸ்கூடக் குதித்துத்தான். பெயரைக் கூப்பிட்டால் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி. ஒற்றைக் காலில் குதித்தால் அரை நாள் லீவு.

பழைய இரும்புக் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு டின்னாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். “இதுக்கு ஜலதோசம்பா” என்று சத்தம் அடைத்த டின்னை ஒதுக்குவார். கடைக்காரர் பேஜாராகி, “யக்கா, எதனா ஒண்ண எடுத்துக்கினு கெளம்புக்கா” என்று கும்பிடுவார்.

வகுப்பில் ஒரே விதிதான். அவர் டப்பா தட்டிக்கொண்டிருக்கும்வரை ஆடலாம், ஓடலாம், யானை நடை நடக்கலாம். “ஸ்டாப்பு!” என்றால், மறுபடி டப்பா சத்தம் கேட்கிறவரைக்கும் யாராக இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். ஒரு நாள் கேஸ் போட வந்தவர், தோளில் சிலிண்டரும் படியில் ஒற்றைக் காலுமாக நின்றதை நானே பார்த்தேன்.

என் மகள் ஜெனிக்கு மூன்றரை வயசாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு ‘அப்பா’ இல்லை. டீச்சரிடம் சேர்த்த பிறகு சத்தம் மட்டும் வந்தது. குக்கர் மூடி, டிபன் பாக்ஸ், தூங்குகிற என் முதுகு, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. எட்டு மணி நேரம் பிரஸ்ஸில் இடி வாங்கிவிட்டு வருகிறவனுக்கு வீட்டிலும் ஓவர்டைம். “நல்ல இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டா பேசிடும்” என்று சொந்தக்காரர்கள் ஏற்றிவிட்டார்கள். மனைவி மெர்சி தடுத்தும் கேட்காமல், ஒரு சனிக்கிழமை சண்டைக்குக் கிளம்பினேன்.

“இன்னா டீச்சர் இது? புள்ள வாயத் தொறக்கவே மாட்டேங்குது. நீங்க டப்பா தட்டிக்கினு கீறீங்க?”

டீச்சர் அசரவில்லை. “நைனா, பிரஸ்ல ஒரு பட்டன மட்டும் அமுக்குனா மெஷின் எறங்குமா?”

“எறங்காது. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும்.”

“நானும் பன்னெண்டு வருசம் அத்தத்தான் அமுக்குனேன். புள்ளைங்களும் அப்டித்தான். கையி, காலு, காது மூணும் ஒண்ணா சேரணும். அப்பால வாயி வரும். வந்த புதுசுல இவ படி ஏறவே பயந்தா. இப்போ தாளத்துக்கு ஏறி எறங்குறா. தன் முறை வர்ற வரைக்கும் காத்துக்கினு நிக்கிறா. இதெல்லாம் சும்மா வருதா?”

நியாயமான பேச்சுதான். கோபத்தில் இருக்கிறவனுக்கு நியாயம் எங்கே ஏறும்? “அதெல்லாம் வாணாம், இன்னியோட நிறுத்திக்கிறேன்!” என்று கத்திக்கொண்டே ஜெனியின் பையைப் பிடுங்கக் கையை நீட்டினேன்.

‘டங்’ என்று ஒரு அடி.

“ஸ்டாப்பு!”

டீச்சரின் வாய் மூடித்தான் இருந்தது. பிஸ்கட் டப்பாவும் கையுமாக என்னை முறைத்துக்கொண்டு நின்றவள் ஜெனி.

நீட்டிய கையோடு நின்றேன். விதி விதிதானே. கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. டீச்சரும் அசையவில்லை, பிள்ளைகளும் அசையவில்லை. ஜெனி மறுபடி டப்பாவைத் தட்டிய பிறகுதான் எல்லாரும் மூச்சுவிட்டோம்.

இப்போது ஜெனி ஒன்றாம் வகுப்பு. வாய் ஓய்வதே இல்லை. டீச்சர் மீஞ்சூர் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒரு ஹால், ஒரு கூட்டம் பிள்ளைகள் என்று கேள்வி. போன வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு பெயிண்ட் டின் காலியானது. தட்டிக் கேட்டேன், ஜலதோஷம் இல்லை. கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனியோடு மீஞ்சூர் போகிறேன். நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வாசலில் நின்று, இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதிப்பேன்.