இரண்டாம் தட்டுக்கு முந்நூறு புள்ளிகள்

கருத்து என்பது வியர்வையைப் போன்றது. யாரும் கேட்காவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். துடைத்துவிட ஆள் இல்லையென்றால் உடம்பிலேயே உலரும். கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டு வந்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னரும் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கருத்துகள் தவறாமல் தோன்றின. என் மனைவி மரகதம் இருந்தவரை அவள் கேட்டாள். (கேட்டாள் என்பது என் துணிபு. "ம்" என்று சொல்லிக்கொண்டே கீரை ஆய்ந்தாள் என்பதுதான் மெய்.) அவள் மறைந்த பிறகு தஞ்சாவூரில் எங்கள் வீட்டுச் சுவர்கள் கேட்டன. மூன்றாம் ஆண்டில் அவற்றுக்கும் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

அந்த நிலையில்தான் கோதண்டபாணி ஒரு வெந்நீர்க் குடுவையோடு வந்தார். இயற்பியல் துறையில் என்னோடு பணியாற்றியவர். மாலைதோறும் பெரிய கோயில் புல்வெளியில் சந்திப்போம். குடுவையைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், இது காசு கொடுக்காம வந்தது. போன்ல சர்வேன்னு ஒண்ணு இருக்கு. சோப்பு, பேஸ்ட்டு, பிஸ்கட்டுன்னு எதைப் பத்தியாவது கேப்பாங்க. நம்ம அபிப்பிராயத்தைச் சொன்னா பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தா சாமான்."

"நம் கருத்தைக் கேட்டுவிட்டு, நமக்கே பரிசும் தருகிறார்களா?"

"அதான் சார் சொல்றேன். மேல் வருமானம்."

ஓய்வூதியம் எனக்குப் போதுமானது. ஆயினும் அன்றிரவே என் திறன்பேசியில் அந்தக் கருத்தாய்வுத் தளத்தைத் தேடிப் பதிவு செய்துகொண்டேன். முகப்பில் 'உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது' என்று எழுதியிருந்தது. அதை நான் நான்கு முறை படித்தேன். பிழை திருத்துவதற்காக அன்று.

ஆனால் அவர்கள் என் கருத்தை எளிதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கருத்தாய்விலும் முதலில் வயது கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், மூன்றாவதாக, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். நான் 'ஒருவர்' என்பதைத் தொடுவேன். உடனே திரையில் வரும்: 'நன்றி. உங்களைப் போன்றோர் போதிய அளவில் சேர்ந்துவிட்டனர்.'

ஒன்பது கருத்தாய்வுகளில் இதே விடை. எங்கள் தெருவில் என்னைப் போன்றவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால், நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். அதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

பத்தாவது கருத்தாய்வு சோற்றைப் பற்றியது. காவிரிப் பாசனத்துக்காரனிடம் சோற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறக்குமுன் நன்றி சொல்லி அனுப்புவது எந்த வகையில் அறம்? பூதலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. குத்தகைக்காரர் ஆண்டுதோறும் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார். புது அரிசி எப்படிக் குழையும், ஓராண்டு பழகியது எப்படி ஒட்டாமல் விரைவிரையாக வரும், எந்த அரிசிக்குக் கஞ்சியை எப்போது வடிக்க வேண்டும் என்பன பற்றியெல்லாம் என்னிடம் கருத்துகள் குவிந்து கிடந்தன.

வீட்டில் எத்தனை பேர்? நான் 'இருவர்' என்பதைத் தொட்டேன்.

இதை முழுப்பொய் என்று சொல்ல முடியாது. மரகதம் விட்டுச்சென்ற அளவுக் குவளையில்தான் நான் இன்றும் அரிசி அளக்கிறேன். அதில் ஒரு குவளை இருவருக்கான அளவு. குறைத்து அளக்க எனக்குக் கை வருவதில்லை. மிஞ்சுவதில் நீர் ஊற்றி மறுநாட்காலை உண்கிறேன். ஆக, பானையைச் சாட்சிக்கு அழைத்தால் அது என் பக்கம்தான் பேசும்.

கதவு திறந்தது. ஏழு நாள் ஆய்வு. முடித்தால் முந்நூறு புள்ளிகள். அதாவது ஒரு வெந்நீர்க் குடுவை. நாள்தோறும் நண்பகல் உணவுக்கு முன் வீட்டிலுள்ளோர் அனைவரின் தட்டையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். சோறு எப்படி வந்தது, உண்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று குறிப்பும் எழுத வேண்டும்.

நான் இரண்டு தட்டுகளை வைத்தேன்.

குறிப்பு எழுதுவதில்தான் என் பழைய நோய் தலைகாட்டியது. இரண்டு வரி போதும் என்றிருந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். என் கருத்து முடிந்ததும் 'துணைவர் கூறியது' என்றொரு கட்டம் இருந்தது. மரகதம் என்ன சொல்லியிருப்பாள் என்பதை அவள் குரலிலேயே உரக்கச் சொல்லிப் பார்த்து, சரியாக இருந்தால் எழுதினேன். (நான் வீட்டிலும் அச்சுத் தமிழில் பேசுபவன். அவள் அதற்கு மனிதத் தமிழில் மறுமொழி தருவாள். அந்த ஏழு நாளும் இரண்டையும் நானே பேசினேன்.)

ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் விடை எழுத இயலவில்லை. 'உங்கள் துணைவர் சோற்றை எப்படி உண்ண விரும்புவார்?' சூடாகவா, ஆறியா, குழைவாகவா, வேறு வகையிலா? முதல் நாள் அதை வெற்றிடமாக விட்டேன். இரண்டாம் நாளும் விட்டேன். மூன்றாம் நாள்தான் காரணம் புலப்பட்டது. அவள் உண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பரிமாறுவாள், நான் உண்டு எழுந்து, கூடத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்த பிறகு, அடுப்படியில் அவள் உண்பாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் இப்படித்தான். அவள் தட்டும் என் தட்டும் அருகருகே இருந்தது, அந்தக் கருத்தாய்வுக்காக நான் எடுத்த படங்களில்தான்.

இவ்வளவையும் அடுத்த வீட்டுக் காந்திமதி, தம் அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததில் பிழையில்லை. மனைவியை இழந்த ஒருவர் இரண்டு தட்டு வைக்கிறார், இரண்டு குரலில் பேசுகிறார், சோற்றைப் படமெடுக்கிறார். சென்னையிலிருக்கும் என் மகள் கயல்விழிக்கு அவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

எனக்கும் கயல்விழிக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. அவள் தாய் மறைந்த பத்தாம் நாளே என்னைத் தன்னோடு வரும்படி அழைத்தாள். நான் மறுத்தேன். பதினோராம் மாடியில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பின்னர் எஞ்சும் தனிமையை நான் புதிதாகப் பழக வேண்டும்; இங்குள்ளது பழகிய தனிமை. கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

"சரிப்பா, இருங்க. ஆனா மறதி, தடுமாற்றம்னு ஒண்ணு தெரிஞ்சாலும் வீட்டைப் பூட்டிட்டு வந்துடணும். அப்புறம் பேச்சே கிடையாது."

ஒப்புக்கொண்டேன். என் அறிவுத் தெளிவில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஏழாம் நாள் மாலை தளத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 'தங்கள் குறிப்புகளைச் சரிபார்க்க எம் களப்பணியாளர் நாளை நண்பகல் வருவார். தாங்களும் துணைவரும் வீட்டில் இருக்க வேண்டுகிறோம்.'

என் வாழ்நாளில் இத்தனை மாணவர்களின் பொய்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றேனும் அந்நேரம் கைகொடுக்கவில்லை. இரவெல்லாம் எண்ணி, இறுதியில் ஒரு வாக்கியத்தை அமைத்தேன்: 'அவள் சீர்காழிக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளை வருவாள்.' கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்தேன்.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு வாயிலில் ஓசை கேட்டது. திறந்தால், கையில் பெட்டியோடு கயல்விழி.

"சும்மாதான்ப்பா, பாக்கணும்போல இருந்துச்சு," என்றாள். உள்ளே வந்ததும் என் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு நாட்காட்டியில் தாள் கிழித்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனாள். அவள் போன அதே நொடியில் வாயிலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

முப்பது வயது மதிக்கத்தக்க பெண்; தோளில் பை; பெயர் ஹேமா என்றும், திருச்சியிலிருந்து வருவதாகவும் சொன்னாள்.

"சார், நீங்கதானா அது? உங்க டைரியை ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம் சார். இது மனுஷன் எழுதினதே இல்லை, மெஷின்ல போட்டு எடுத்திருக்காங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அதான் நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"நான் மனிதன்தான்," என்றேன். இதை ஒருவரிடம் சொல்ல நேர்ந்தது அதுவே முதல் முறை.

"தெரியுது சார். அம்மா எங்க? மரகதம் அம்மா?"

அடுப்படியில் என் மகள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒத்திகை பார்த்த வாக்கியம், தும்மலைப் போல, என்னைக் கேட்காமலே வெளிவந்துவிட்டது.

"அவள் சீர்காழிக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளை வருவாள்."

உள்ளே ஏதோ உருண்டது. கயல்விழி வெளியே வந்தாள். சேலை முன்புறம் நனைந்திருந்தது. என்னிடம் அவள் பேசிய குரல், காய்ச்சல் கண்ட குழந்தையிடம் பேசும் குரல்.

"அப்பா. இன்னிக்கு என்ன கிழமைப்பா?"

எனக்கு இரண்டே வழிகள் இருந்தன. அறிவு பேதலித்தவன் என்று ஒப்புக்கொண்டால் வீட்டைப் பூட்டிவிடுவாள். பொய்யன் என்று ஒப்புக்கொண்டால், அந்நியப் பெண்ணின் எதிரில் எழுபத்தோராண்டு மானம் போகும்.

"வியாழக்கிழமை," என்றேன். "எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அம்மா மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"முந்நூறு புள்ளிகளுக்கு."

கயல்விழி ஹேமாவைப் பார்த்தாள். ஹேமா தயங்கித் தயங்கி விளக்கினாள். "அதுக்கு ஒரு பிளாஸ்க் வரும் மேடம். ஸ்டீல்தான்."

"ஒரு பிளாஸ்க்குக்காக அம்மாவை உயிரோட வச்சிருந்தீங்களா?"

என் அச்சுத் தமிழ் அந்த இடத்தில் என்னைக் கைவிட்டுப் போய்விட்டது. "ஒருத்தர்னு போட்டா யாருமே கேக்க மாட்டேங்கறாங்கம்மா," என்றேன்.

ஹேமா தன் கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரையும் நிமிர்ந்து பாராமல், "அப்ப இந்தக் கமெண்ட் எல்லாம் யாரு சார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினாள்.

"மூணாம் நாள். 'சாதத்துக்கு இத்தனை குத்தம் சொல்றீங்களே, ஒரு நாள் வேட்டியில சிந்தாம சாப்பிடுங்க, துவைக்கிறவளுக்குப் புண்ணியமாப் போகும்.' அஞ்சாம் நாள். 'அரிசியைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவர் இருக்கீங்க, எழுந்து வந்து உலையைப் பாக்கலாமே.'"

கயல்விழி சிரித்தாள். சிரிப்பின் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மாவேதான்," என்றாள்.

"இந்த ஒரு கேள்வி மட்டும் ஏழு நாளும் காலியா இருக்கு மேடம். துணைவர் சோத்தை எப்படிச் சாப்பிட விரும்புவார்னு."

"அது அப்பாவுக்குத் தெரியாது," என்றாள் என் மகள். "அம்மாவுக்குக் காந்தல்தான் பிடிக்கும். பானை அடியில பிடிச்சிருக்குமே, அதைச் சுரண்டி மோர் ஊத்திச் சாப்பிடுவாங்க. நானும் அம்மாவும் கரண்டிக்குச் சண்டை போடுவோம். அப்பா அப்ப குறட்டை விட்டுக்கிட்டிருப்பாங்க."

சோற்றைப் பற்றி நான் எழுதிய பதினான்கு பக்கங்களில் இது இல்லை.

ஹேமா எழுந்துகொண்டாள். விதிப்படி என் கணக்கை மூட வேண்டும் என்றும், புள்ளிகள் கழிந்துபோகும் என்றும் வருத்தத்தோடு சொன்னாள். கயல்விழி அவளை விடவில்லை. "மணி பன்னெண்டரை ஆச்சு, சாப்பிட்டுப் போங்க," என்று சொல்லி அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தவள், வெகுநேரம் மூடாமல் நின்றாள். ஒருவருக்கு வடித்த சோறு அன்று என்பது பார்த்தவுடன் தெரியும். மூன்று தட்டுகளில் பகிர்ந்து வைத்தாள். யாருக்கும் வயிறு நிறையவில்லை. போகும்போது ஹேமா, "நல்ல அரிசி சார்," என்றாள். அந்த நிறுவனத்திடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே வருவாய் அதுதான்.

பெட்டியில் என் வேட்டிகளை அடுக்கும்படி அன்று மாலை கயல்விழி சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாள் தனியாகவே வண்டி ஏறினாள். ஆனால் புதிய உடன்படிக்கை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள்: நாள்தோறும் நண்பகல் அவள் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கு நான் விடை சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பூட்டோடு வருவாள்.

எங்கள் குடும்பத்தில் இன்று, வங்கிக்காரர் கடன் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டால் மருமகன் சீர்காழிக்குப் போயிருக்கிறார். வீட்டுப்பாடம் எழுத அழைத்தால் பெயர்த்தி சீர்காழிக்குப் போயிருக்கிறாள். தீபாவளிக்கு நான் ஐந்தாவது அதிரசத்துக்குக் கை நீட்டினால், உங்களைப் போன்றோர் போதிய அளவில் சேர்ந்துவிட்டனர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

நண்பகல் அழைப்பு இன்றும் வருகிறது. மருந்து, நடை, தூக்கம், பேச்சுத்துணை என நான்கு கேள்விகள் முடிந்ததும் ஐந்தாவது.

"எத்தனை பேருக்குப்பா வடிச்சீங்க?"

"அதே குவளைதான்."

"அம்மா இன்னும் சீர்காழியிலேருந்து வரலையா?"

"பேருந்து கிடைக்கவில்லை போலும்," என்கிறேன். அவள் சிரித்துவிட்டு வைக்கிறாள். நான் அடுப்படிக்குப் போய், அடியில் பிடித்ததைச் சுரண்டி எடுத்து மோர் ஊற்றுகிறேன். உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.