பேரம் பேசாமல் வாங்கியவர்

பசியாவரத்துப் பெண்களின் கருவாட்டுக் களத்துக்குக் கூரை வராமல் போனதற்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. உங்கள் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. ஆனால் செய்தது நீங்கள்தான். ஒரு கிலோ மடவைக் கருவாட்டுக்குச் சொன்ன விலையைப் பார்த்துவிட்டு, 'இன்னாம்மா, கருவாடா தங்கமா' என்று ஒரு வார்த்தை கேட்காமல், முகத்தைச் சுளிக்காமல், நாலடி நடந்து போவதுபோல ஒரு பாசாங்குகூடச் செய்யாமல், முழுப் பணத்தையும் கட்டி வாங்கிவிட்டீர்கள். இப்படி ஓர் அக்கிரமத்தைப் பழவேற்காட்டு ஏரி இதுவரை கண்டதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு உறைக்கும்.

ஏரிக்கு நடுவில் இருக்கிற பசியாவரத்தில் குப்பம்மாள் என்று ஒருத்தி. கருவாட்டுக்கார மகளிர் குழுவுக்குத் தலைவி. பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. ஆரம்பாக்கம் சந்தையில் கூடையோடு உட்கார்ந்து, ஏமாந்து, ஏமாந்ததை நினைத்து அழுது, பிறகு ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள். அவள் தொழிலில் முதலில் சொல்கிற விலை என்பது வணக்கம் சொல்வது மாதிரி. யாரும் அதை நிஜமென்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். வாங்க வந்தவர் பாதியில் ஆரம்பிக்க வேண்டும். இவள் கன்னத்தில் கை வைக்க வேண்டும். அவர் கிளம்பிப் போக, இவள் கூப்பிட, கடைசியில் ஒரு விலைக்கு இருவரும் வந்து சேர்ந்து, கொசுறாக ஒரு கைப்பிடி சென்னாக்கூனிப் பொடி இறாலும் விழுந்தால்தான் அது வியாபாரம்.

குழுவுக்கு ஒரே ஒரு குறை. மீனை மணலில்தான் காயப்போட வேண்டியிருந்தது. ஒரு தூறல் விழுந்தால் போதும், பாதிச் சரக்கு கோழித்தீவனத்துக்குப் போய்விடும். ஆகவே கூரை போட்ட சிமெண்டுக் களம் ஒன்று வேண்டுமென்று மனு கொடுத்தார்கள். அந்த மனு மேசை மேசையாக ஏறி இறங்கி, கடைசியில் ஓர் அலுவலராக உருவெடுத்து ஊருக்கு வந்து சேர்ந்தது. மீனவ மகளிர் மின்வணிக ஊக்குவிப்புப் பிரிவின் ஒருங்கிணைப்பு அலுவலர், கூடுதல் பொறுப்பு, திரு. ராஜவேலு அவர்கள். ஒரு கையில் செருப்பையும் ஒரு கையில் ஃபைலையும் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்கினார்.

"களம் உண்டும்மா. கூரையும் உண்டு. ஆனா இப்ப எல்லாமே ஆன்லைன். குழு ஒரு இணையக் கடை தொறக்கணும். அதுல ஒரு வியாபாரமாவது நடக்கணும். நடந்துட்டா மழைக்கு முன்னாடி வேலைய ஆரம்பிச்சிடலாம்."

"களம் இன்னாத்துக்கு சார்? கருவாடு காய வைக்கத்தான?"

"ஆமா."

"காஞ்சாத்தான விக்க முடியும்?"

"ஆமா."

"நீங்க இன்னா சொல்றீங்க, வித்துட்டு வந்து காய வைன்றீங்க."

ராஜவேலு ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். "வழிகாட்டு நெறிமுறையில அந்த வரிசையிலதான்மா இருக்கு."

நெறிமுறையில் இருந்தால் அப்பீல் ஏது. எந்தத் தளத்தில் கடை திறப்பது என்பதை மூன்று தளங்களை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அதற்குக் குப்பம்மாளின் மருமகள் சுபஸ்ரீ இருந்தாள். பி.காம். முடித்தவள். செல்போனை எந்தத் திசையில் பிடித்தால் தீவில் டவர் கிடைக்கும் என்பதை அறிந்த ஒரே ஆள்.

முதலில் மண்டிமார்ட் என்ற பெரிய தளம். சுபஸ்ரீ போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தேன் ஒழுகுகிற ஒரு பெண்குரல் பேசியது.

"வணக்கம் மேடம். உங்களுக்காக இன்னிக்கு மட்டும் பாதிக் கமிஷன்."

குப்பம்மாள் வாயைத் திறக்கவில்லை.

"சரி மேடம், முதல் மாசம் கமிஷனே வேணாம்."

குப்பம்மாள் இருமினாள்.

"பெட்டியும் டேப்பும் நாங்களே ஃப்ரீயா அனுப்பறோம் மேடம்."

"கட் பண்ணு," என்றாள் குப்பம்மாள். "நான் இன்னும் ஒரு வார்த்த பேசல, அதுக்குள்ள இறங்கிகினே போறா. சரக்கு நாறுது சுபா. நல்ல சரக்கு வெச்சிருக்கிறவ கேக்காம இறங்கமாட்டா."

இரண்டாவது, ராஜவேலுவின் துறையே நடத்துகிற நெய்தல் மின்னங்காடி. வாடகை இல்லை, கமிஷன் இல்லை. காலை பத்து மணிக்குத் திறக்கும், மாலை ஐந்தே முக்காலுக்கு மூடும், நடுவில் மதிய உணவு இடைவேளை.

"ஆன்லைன் கடைக்கு ஞாயித்துக்கெழம லீவா சார்? கருவாடு ஞாயித்துக்கெழமதான் நல்லா போவும்."

"அரசு விடுமுறைம்மா. அதையும் மீறி நம்ம தளத்துக்கு ஒரு பெருமை இருக்கு. இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல."

"எத்தினி பேரு வாங்கியிருக்காங்க?"

"யாரும் வாங்கல. அதான் புகார் இல்ல."

கூடவே, இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றும், ஒப்பிடுவதற்கு ஒன்று வேண்டுமே என்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். மனுஷன் நல்லவர்.

மூன்றாவது கடைவீடு. மாத வாடகை கட்டினால் இணையத்தில் நமக்கென்று ஒரு கடை போட்டுக் கொடுப்பார்கள். வாங்குகிறவர்களை நாமேதான் கூட்டிவர வேண்டும்.

"தீவுல கடைய போட்டுட்டு ஆளுங்கள கூட்டிகினு வரணும். அத்தான் இப்பவே செஞ்சிகினு கீறேனே," என்றாள் குப்பம்மாள். இருந்தாலும் போனை வாங்கிக்கொண்டாள்.

ஓர் ஆண்குரல் கணீரென்று, "மாத வாடகைத் திட்டத்தில் சேர, எண் ஒன்றை அழுத்தவும்," என்றது.

"பாதி குடுக்கறேன்."

"எண் ஒன்றை அழுத்தவும்."

"முக்கா. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

"எண் ஒன்றை அழுத்தவும்."

குப்பம்மாள் போனைக் கவிழ்த்த படகின் மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நாலடி நடந்தாள். பின்னால் குரல் வந்தது: "தாங்கள் எதையும் அழுத்தவில்லை. மீண்டும் கேட்க நட்சத்திரத்தை அழுத்தவும்."

"பாத்தியா, கூப்புட்றான்," என்று திரும்பி வந்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி ஒன்றை அழுத்தச் சொன்னான். குப்பம்மாளின் முகத்தில், மீன் ஏலத்தில்கூட யாருக்கும் காட்டாத ஒரு மரியாதை வந்தது. ஒன்றை அழுத்தினாள்.

"இவன் ஆளு. ஒரே பேச்சுல நின்னான் பாரு. இவன் கடையில வெச்சா நம்ம விலையும் நிக்கும்."

"அத்தை, அது மனுஷன் இல்ல. ரெக்கார்டு."

"அத்தான் சொல்றேன். மனுஷனா இருந்தா இறங்கியிருப்பான்."

ராஜவேலு ஒப்பீட்டு அறிக்கையில், 'தளத்தின் விலை உறுதித்தன்மை நேரடிப் பேச்சுவார்த்தையின் மூலம் ஐயமற நிறுவப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து, பொருளுக்கு அழகு சேர்க்க ஹேமந்த் என்ற நிபுணர் சென்னையிலிருந்து அனுப்பப்பட்டார். தாடி வைத்திருந்தார், காலுறை போடாமல் ஷூ போட்டிருந்தார். கருவாடு என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. மக்கள் இப்போது பொருளை வாங்குவதில்லை, அதன் கதையை வாங்குகிறார்கள் என்பது இரண்டாவது. ஆகவே மடவைக் கருவாடு 'ஏரிக்காற்றில் இளைப்பாறிய மடவை' ஆனது. சணல் துணியை விரித்து, நடுவில் கருவாட்டை வைத்து, சுற்றிலும் பூக்களைப் பரப்பிப் படம் எடுத்தார்.

"கருவாட்ட நடுவுல வெச்சி சுத்தி பூ போட்டா செத்த வூடு மாதிரி கீது," என்றாள் குப்பம்மாள். நிபுணர் அதையும் குறித்துக்கொண்டார்.

கடைசியில் விலை. குப்பம்மாள் சந்தையில் கொடுக்கிற விலையைப்போல மூன்று மடங்கு சொன்னாள்.

"அத்தை, இது சந்தை இல்ல. இங்க போட்டா அதான் விலை."

"வாங்கறவன் பேசமாட்டானா?"

"பேச எடமே இல்ல."

"அதோ கீழ ஒரு கட்டம் கீதே, அது இன்னாது?"

"கருத்து எழுதற எடம்."

"அப்புறம் இன்னா, எடம் கீது. மெட்ராஸ்காரன் கத்திரிக்கா வாங்கினா கருவேப்பில சும்மா கேப்பான். அவனா பேசாம வாங்குவான்? மூணு மடங்கு போடு. நான் எதிர்ல நின்னு இறங்கி வரேன்."

போட்டார்கள். வெயில் காலம் போய்க்கொண்டிருந்தது. வடக்கே மேகம் கட்டத் தொடங்கியது. குப்பம்மாள் வேலைக்கு நடுவே வந்து வந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். முதல் ஆள் பாதியில் ஆரம்பித்தால் என்ன சொல்வது, மருமகளை எப்படி எழுதச் சொல்வது என்று பதில்களை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் ஐயா, அல்லது அம்மா, நீங்கள் வந்தீர்கள்.

"அத்தை, வித்துடுச்சு," என்று சுபஸ்ரீ ஓடிவந்தாள்.

"எவ்ளோக்கு கேட்டான்?"

"கேக்கல. முழுசா கட்டிட்டாங்க."

குப்பம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமே பேசலியா?"

"இல்ல."

"கள்ள நோட்டா இருக்கும்."

"ஆன்லைன்ல ஏது அத்தை நோட்டு?"

"அப்ப ஒடம்பு சரியில்லாதவங்களா இருக்கும்."

சுபஸ்ரீக்கு மனசு கேட்கவில்லை. "கேன்சல் பண்ணிட்டு நியாயமான விலைய போட்டுடலாம் அத்தை. பாவம்."

"போணியத் திருப்பி அனுப்பச் சொல்றியா? எம்பொழப்புல மொத வியாபாரத்த நான் திருப்பினதே கெடையாது. அது போச்சின்னா பின்னால வர்றது எல்லாம் போவும். கட்டு, அனுப்பு."

நியாயத்துக்கு அவள் செய்த ஒரே காரியம், பேரம் முடிந்தால் கொடுக்க வேண்டிய கொசுறைப் பேரம் நடக்காமலே பொட்டலத்தில் போட்டது. கூரியர்க்காரர் தீவுக்கு வரமாட்டார் என்பதால் படகில் அக்கரைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்குப் போகிறது என்று கேட்டதற்கு, கூரியர்க்காரர் பெட்டியின் மேல் ஒட்டிய பார்கோடு கோடுகளைக் காட்டினார். வாங்குகிறவர் யாரென்று விற்கிறவருக்குச் சொல்வது கடைவீட்டின் கொள்கையில் கிடையாது. நீங்களும் உங்கள் பங்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டீர்கள். கட்டத்தில் மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ராஜவேலு மறுபடி வந்தார். இந்த முறை ஃபைலோடு கண்ணாடியில் செய்த ஒரு கேடயமும் இருந்தது.

"வாழ்த்துகள்மா. உங்க குழு வளர்ந்துடுச்சு."

"களம் எப்போ சார் ஆரம்பிக்கிறீங்க?"

"அதான் சொல்ல வந்தேன். நீங்க வித்த விலைய, நீங்க வருஷம் முழுக்கக் காய வைக்கிற கருவாட்டால பெருக்கிப் பாத்தோம். செழிப்புற்ற தொழில்முனைவோர்னு வருது. களம் நலிவடைஞ்ச குழுவுக்குத்தான்."

"அது சொல்ற விலை சார். குடுக்கிற விலை வேற."

"சிஸ்டத்துல ஒரு விலைக்குத்தாம்மா எடம்."

"அப்போ கொறைச்சி இன்னொருத்தருக்கு வித்துக் காட்டறேன்."

"ஐயையோ, அது வருமானத்த மறைச்ச குத்தம். மொத வியாபாரம்தான் அடிப்படை. அது போணி மாதிரிம்மா, எங்களுக்கும்."

குப்பம்மாள் கேடயத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "வேற வழியே இல்லியா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு. வாங்கினவரே வந்து, கருத்துல விலை அதிகம்னு ஒரு வார்த்தை எழுதினா மறுபரிசீலனைக்கு வைக்கலாம். நீங்க எழுதக் கூடாது. மருமகளும் எழுதக் கூடாது."

"அவரு யாரு?"

"அது ரகசியம்மா."

பேசி முடித்து எழுந்தவர், கூடையில் இருந்த கருவாட்டைப் பார்த்தார். கிலோ என்ன விலை என்றார். குப்பம்மாள் சொன்னாள். பாதியில் ஆரம்பித்தார். படகுக்காரர் இரண்டு தடவை குரல் கொடுத்தும் அசையவில்லை. நாலடி நடந்தார், திரும்பி வந்தார். "கேடயம் வாங்கின ஆளு, எனக்குக் கொறைக்கக் கூடாதா?" என்றார். கடைசியில் சந்தை விலைக்கும் கீழே வாங்கி, கொசுறு கேட்டு, அதைத் தனிக் காகிதத்தில் மடித்துத் தரச் சொல்லி எடுத்துப்போனார்.

ஆரம்பாக்கம் சந்தையிலும் அதே கதை. "நீதான் ஆன்லைன்ல அள்ளிக்கினு கீறியாமே, எங்ககிட்ட இன்னாத்துக்கு இவ்ளோ பேசறே," என்று பழைய வாடிக்கைகள்கூட முன்பைவிட அதிகமாக அடித்துப் பேசினார்கள். முதல் மழை வந்தபோது மணலில் கிடந்த மடவையைத் தார்ப்பாயால் மூடினார்கள். மூன்று மூலைக்குக் கல் கிடைத்தது. நாலாவது மூலைக்குக் கேடயத்தை வைத்தார்கள். காற்றில் அந்த மூலை மட்டும் பறந்துவிட்டது.

நீங்கள் யாராக இருக்கும் என்று குப்பம்மாள் யோசிக்காத நாள் இல்லை. கூடைக்கு முன்னால் நின்று அடித்துப் பேசுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, 'இவன் இல்ல, இவ இல்ல' என்று கழித்துக்கொண்டே வந்தாள். எல்லோரையும் கழித்த பிறகு யாரும் மிச்சமில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கூடைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்காகத் தொண்டை கிழியப் பேசுகிறவரும், செல்போன் சொல்கிற விலைக்கு மூச்சுவிடாமல் பணம் கட்டுகிறவரும் வேறு வேறு ஆளில்லை. கழித்துவிட்ட அத்தனை பேரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இதைப் படிக்கிறவராகவும் இருக்கலாம்.

ஆகவே, கருவாட்டைத் தின்று தீர்த்த புண்ணியவானே, புண்ணியவதியே, இனியாவது செய்ததைச் சரிசெய்யுங்கள். கடைவீட்டுக்குப் போங்கள். ஏரிக்காற்றில் இளைப்பாறிய மடவைக்குக் கீழே அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம். சந்தையில் குப்பம்மாளின் முகத்துக்கு நேரே வாராவாரம் சொல்கிறீர்களே, அதே 'விலை அதிகம்' என்ற இரண்டு வார்த்தையை அங்கே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், அடுத்த மழைக்கு மேகம் இறங்கிவிட்டது.